நிச்சயமாக நீக்கவா?



சென்ற தலை வெள்ளிக்கிழமையன்று நான் செய்த பிசகு ஒன்றை முதலில் உங்களுக்கு அறிக்கையிட்டுவிடுகிறேன். வியாதிக்காரருக்கு நன்மை கொண்டுபோகும் நாள் அது. ஒரு வீட்டார் முந்தின நாள் மாலையே என் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பியிருந்தார்கள். ஊரிலிருந்து பாட்டியார் வந்திருக்கிறார்கள், நடமாட முடியாது, அவர்களுக்கும் நன்மை கொண்டுவர வேண்டும் என்பது செய்தி. அது எனக்கு வந்தது உண்மை. நான் அதைப் படிக்காமலே அழித்ததும் உண்மை. இரவு ஜெபம் முடிந்து படுக்கப் போகுமுன், ரீசார்ஜ் செய்யச் சொல்லும் விளம்பரம், கேளாமலே கடன் தர வரும் கம்பெனிகளின் அழைப்பு, காலாவதியான ஓ.டி.பி. எண்கள் ஆகியவற்றை முற்றம் பெருக்குவதுபோல் ஒரே தள்ளாகத் தள்ளிவிடுவது என் வழக்கம். அந்தக் குப்பையோடு பாட்டியாரின் விண்ணப்பமும் போயிற்று. மறுநாள் நடுப்பகல்மட்டும் அவர்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடியாமல் காத்திருந்தார்களாம். (தண்ணீர் நன்மைக்குத் தடையல்ல, வியாதிக்காரருக்குச் சாப்பாட்டு உபவாசமும் இல்லை என்று பிற்பாடு எடுத்துச் சொன்னேன். அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அது வேறு கதை.)

கைப்பேசி என்னைக் கேளாமலா அழித்தது? கேட்டது. உங்களில் பெரும்பாலோர் கையில் இருக்கும் கருவியும் அப்படித்தான் கேட்கிறது. செய்தியின் மேல் விரலைச் சற்று அழுத்தி வைத்து, குப்பைத் தொட்டிப் படத்தைத் தொட்டால், திரையின் நடுவில் ஒரு சிறு பெட்டி எழும்புகிறது. இதை நீக்கவா என்று கேட்கிறது. ஒரு பக்கம் ‘ரத்துசெய்’, மறுபக்கம் ‘நீக்கு’. நம் மனம் மாறுவதற்கு அந்த இயந்திரம் தரும் அவகாசம் அதுதான். விரல் தவறிப் பட்டிருக்கலாம், குழந்தை எடுத்து விளையாடியிருக்கலாம், கோபத்தில் தொட்டிருக்கலாம் என்றெல்லாம் யோசித்து அதைச் செய்தவர்கள் வைத்த கேள்வி அது. நல்ல எண்ணத்தோடுதான் வைத்தார்கள்.

ஆனால் என்ன நடக்கிறது? கேள்வி நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே வார்த்தையில் எழும்புகிறது. பதிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை ஒன்றே. ஆகையால் விரல் அந்த இடத்தைக் கற்றுக்கொள்கிறது. கண் பெட்டியைப் பார்க்குமுன் விரல் அங்கே போய்விடுகிறது. அமெரிக்காவில் மெக்கின்டோஷ் கணினித் திட்டத்தை ஆரம்பித்துவைத்த ஜெஃப் ராஸ்கின் என்பவர் 2000-ம் ஆண்டில் வெளியிட்ட ஒரு நூலில் இதைத் தெளிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். எப்போதும் ஒரே பதிலைப் பெறுகிற கேள்வி சீக்கிரத்தில் கேள்வியாயிராது. அழிக்கும் செயலிலேயே ஒரு பகுதியாகிவிடும். முன்னே ஒரு தட்டில் அழித்தவன் இப்போது இரண்டு தட்டில் அழிப்பான், அவ்வளவே. ஆகையால் முன்னதாக எச்சரிப்பதைவிட, செய்ததைத் திரும்ப எடுக்க வழி வைப்பதே மேல் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சி பிற்பாடு ஓரளவு ஜெயித்திருக்கிறது என்றே சொல்ல வேண்டும். 2022-ல் வந்த மாறுதலுக்குப் பின் ஐபோனில் அழித்த செய்தி உடனே ஒழிந்துபோவதில்லை, குறைந்தது 30 நாள் ஒரு தனி அறையில் கிடக்கிறது. வாட்ஸ்அப்பிலும் நமக்குமட்டும் ஒரு செய்தியை நீக்கினால், சில விநாடிகளுக்குள் அதைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். என் கைப்பேசி பழையது. அதில் போனது போனதுதான்.

இனி, கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு, பாஸ்கு இரவுக்கு என்னோடு வாருங்கள். கோயில் இருட்டில் எல்லார் கையிலும் திரி எரிகிறது. ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனும் ஞானத்தாயும் நமக்காகக் கொடுத்த வாக்கை நாமே நம் வாயால் புதுப்பிக்கும்படி தாய்த் திருச்சபை நம்மைக் கேட்கிறது. பசாசை விட்டுவிடுகிறாயா? அதன் கிரியைகளை? அதன் ஆடம்பரங்களை? ஒரு கேள்வி போதாதென்று மூன்று கேள்வி. பிறகு விசுவாசத்தைப்பற்றி இன்னும் மூன்று. ஒரு வருஷம் இரண்டாம் கேள்வியின் நடுவில் எனக்கு இருமல் வந்து நிறுத்திவிட்டேன். எதை விட்டுவிடுகிறீர்களா என்று நான் இன்னும் சொல்லவில்லை. அதற்குள் கோயில் முழுவதும் ‘விட்டுவிடுகிறேன்’ என்று முழங்கிற்று! எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று இரவு அறைக்குப் போனபின் சிரிப்பு வரவில்லை. நானும் கேள்வியை மனப்பாடமாகத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன்?

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியைச் சுவிசேஷத்தில் காண்கிறோம். உயிர்த்தெழுந்த சேசுநாதர் திபேரியா கடற்கரையில் அர்ச். இராயப்பரை நோக்கி, தம்மை நேசிக்கிறாரா என்று மூன்று முறை வினவினார். மூன்று முறையும் அப்போஸ்தலர் ஆம் என்றே மறுமொழி சொன்னார். ஆனால் மூன்றாம் முறை கேட்டபோது அவர் துக்கப்பட்டார் என்று அர்ச். அருளப்பர் எழுதி வைத்திருக்கிறார். அந்தத் துக்கத்தைக் கவனியுங்கள். தலைமைக்குருவின் வீட்டில் மூன்று முறை மறுதலித்தவருக்கு இந்த மூன்றாவது கேள்வி எங்கே போய்த் தைத்திருக்கும்! காதோடு நின்ற கேள்வி ஒருவனைத் துக்கப்படுத்தாது. அது உள்ளே இறங்கிற்று என்பதற்கு அந்தத் துக்கமே சாட்சி. என் விரலோ ஒருநாளும் துக்கப்பட்டதில்லை.

‘சுவாமி, பழக்கத்தால் அமுக்கிவிட்டேன், வேண்டுமென்று செய்யவில்லையே’ என்பீர்கள். சாவான பாவத்துக்குக் கனமான காரியமும், முழு அறிவும், முழுச் சம்மதமும் வேண்டும் என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். உண்மைதான். அறியாமல் அழித்ததற்கு யாரும் நரகத்துக்குப் போக மாட்டார்கள், பயப்பட வேண்டாம். ஆனால் குருமடத்தில் எங்களுக்கு அதோடு இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு கெட்ட பழக்கம் தன்னை ஆளுகிறது என்று கண்டபிறகும் அதைத் தடுக்காமல் வளர விடுகிறவன், அந்தப் பழக்கத்தால் விளையும் பிசகுக்கு ஓரளவு உத்தரவாதி. முதல் பாட்டியாரின் செய்தி தவறிப் போயிற்று என்று சொல்லலாம். இரண்டாம் பாட்டியாரின் செய்தியும் அப்படியே போனால், என்ன சொல்வேன்?

மறைப்பதற்காக அழிக்கிறவர்களைப்பற்றி இங்கே நீட்டப்போவதில்லை. வீட்டுக்காரிக்குத் தெரியாமல், பெற்றோருக்குத் தெரியாமல் இரவில் அழிக்கிறவன் கேள்வியைக் கேளாதவனல்ல; நன்றாகக் கேட்டுத்தான் அமுக்குகிறான். அவனுக்குச் சொல்ல வேண்டியதை அவன் மனச்சாட்சி எனக்கு முன்பே சொல்லியிருக்கும்.

நான் சொல்ல விரும்புவது வேறொருவர் கதை. இது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதல்ல. பங்கு வீட்டுத் திண்ணையில், பகல் வெளிச்சத்தில், அவரே சொன்னது. எழுதலாமா என்று கேட்டேன். பெயரைப் போடாமல் எழுதுங்கள் சுவாமி, நாலு பேருக்கு உதவட்டும் என்றார்.

அவருக்கு ஒரு தம்பி உண்டு. தகப்பனார் விட்டுப்போன நிலத்தில் ஒரு பொதுக் கிணறு. மோட்டார் யார் முறை, மின்சாரக் கட்டணம் யார் கணக்கு என்று ஆரம்பித்த பேச்சு, பேச்சில்லாமல் போய் முடிந்தது. எட்டு மாதம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை. வாய்தான் மூடியிருந்தது. கைப்பேசியில் இரண்டு பேரும் எழுதிக்கொண்ட வார்த்தைகளை அவர்கள் தாயார் படித்திருந்தால் கல்லறையிலும் நிம்மதியிராது. பிறகு அந்த வசைகளும் நின்றுபோய், மூன்று மாதம் ஒன்றுமே இல்லை.

ஒருநாள் இரவு சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கைப்பேசியை எடுத்திருக்கிறார். செய்திப் பட்டியலின் உச்சியில் தம்பியின் பெயர் தடித்த எழுத்தில் நிற்கிறது. அந்தப் பட்டியலில் கடைசியாக வந்த செய்தியின் தலைப்புமட்டுந்தானே தெரியும்? ‘பதில் போடுங்கள்’ என்று தெரிந்தது. ‘பதில் வேண்டுமாமே, துரைக்கு!’ என்று நினைத்தாராம். பெயரின்மேல் விரலை வைத்து அழுத்தினார். தொட்டியைத் தொட்டார். பெட்டி எழும்பிற்று. ‘அது கேட்டது சுவாமி, எனக்குத்தான் காது கேட்கவில்லை’ என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. எட்டு மாதப் பேச்சு முழுவதும், படிக்காததும் சேர்ந்து, ஒரே தட்டில் போயிற்று.

‘பதில் போடுங்கள்’ என்ற வரிக்கு முந்தின நாள் வந்திருந்த செய்தி இது: ‘மகளுக்கு வரும் ஞாயிறு புது நன்மை. நீங்கள் வந்து நிற்க வேண்டும் அண்ணே.’

ஆங்கில எழுத்தானால் ஒரு செய்திக்கு 160 இடம். தமிழானால் 70 இடந்தான். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியே ஒவ்வொரு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்தச் செய்தியை நானே எண்ணிப் பார்த்தேன், 69. தம்பி எத்தனை முறை அடித்து அடித்துத் திருத்தி அதை அந்த அளவுக்குள் அடக்கினாரோ தெரியாது. உலகத்தில் முதல் முதல் இப்படி ஒரு செய்தி போனது 1992 டிசம்பர் 3-ம் தேதி, இங்கிலாந்தில். அது ஒரு சிறு கிறிஸ்துமஸ் வாழ்த்து. 2021-ல் பாரிஸ் நகரில் அதை ஏலம் விட்டபோது 1,07,000 யூரோவுக்குப் போயிற்று. தம்பியின் செய்தியை எவ்வளவுக்கு மதிப்பது?

ஞாயிறு வந்தது. வெள்ளை உடுப்பும் முடியும் தரித்த பிள்ளைகள் வரிசையாய் நின்றார்கள். பெரியப்பா நின்றிருக்க வேண்டிய இடம் காலியாயிருந்தது. நான் பீடத்திலிருந்து கண்டேன், காரணம் அறியேன். அண்ணன் செய்தியைப் படித்தும் வரவில்லை என்று தம்பி தீர்மானித்துக்கொண்டார். அதற்கு முன் இருந்தது சண்டை. அதற்குப் பின் இருந்தது காயம். அண்ணனோ தம் தம்பி தம்மைத் தவிர ஊரையெல்லாம் அழைத்தானே என்று இன்னொரு கணக்கு எழுதிக்கொண்டார். இரண்டு பேரும் நியாயம் தம் பக்கம் என்று நிச்சயமாயிருந்தார்கள். ஐந்து வாரம் கழித்து, இரண்டு வீட்டுக்கும் போய்வரும் அத்தை ஒருத்தி வாய்தவறி அந்தச் செய்தியைப்பற்றிச் சொன்னபிறகுதான் அண்ணன் என் திண்ணைக்கு வந்தார்.

‘அழித்துவிட்டேன் சுவாமி. திரும்ப எடுக்க வழியில்லையாம், கடைக்காரனிடம் காட்டினேன்’ என்றார்.

‘உங்கள் கைப்பேசியில் இல்லை. தம்பி கைப்பேசியில் இருக்கிறதே’ என்றேன்.

அவர் விழித்தார். அநேகர் இதை யோசிப்பதில்லை. சாதாரணச் செய்தியை நாம் நீக்கும்போது நம்மிடமுள்ள பிரதிமட்டுமே போகிறது. அனுப்பியவனிடம் அனுப்பியது அப்படியே இருக்கும். நாம் அவனுக்கு அனுப்பியதும் அவனிடம் இருக்கும். எல்லாரிடமிருந்தும் நீக்கும் வழி வாட்ஸ்அப்பில் உண்டு; 2017-ல் வந்தபோது அதற்கு 7 நிமிடமே தவணை, இப்போது இரண்டு நாளுக்குச் சற்று மேல். அப்படி நீக்கினாலும் அங்கே ஏதோ இருந்து நீக்கப்பட்டது என்ற அடையாளம் நிற்கும். இடையில் அவன் படித்திருந்தால், படித்த மனத்திலிருந்து நீக்க எந்தப் பொத்தானும் கிடையாது.

‘அப்படியானால் நான் எழுதினதும்…’ என்றார்.

‘இருக்கும்’ என்றேன்.

வெகுநேரம் பேசாமலிருந்தார். போகலாமா வேண்டாமா என்று என்னைக் கேட்டார். நான் திருப்பி அவரைத்தான் கேட்டேன். மறுபடியும் கேட்டார், மறுபடியும் அவரையே கேட்டேன். மூன்றாம் முறை அவர் முகம் வாடிற்று. தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

தம்பி வீட்டு வாசலில் நடந்ததை அவர் சொல்லியே அறிவேன். தம்பி உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அண்ணன் நின்றபடியே, ‘உன் செய்தியை நான் படிக்கவில்லையடா, படிக்காமல் அழித்துவிட்டேன்’ என்றார். தம்பி கைப்பேசியை எடுத்துத் திறந்து நீட்டினார். 69 இடமுள்ள அந்தச் செய்தி இருந்தது. அதற்கு மேலே, எட்டு மாதத்து வார்த்தைகள், இரண்டு பேருடையவையும், ஒன்று குறையாமல் இருந்தன. அண்ணனுடைய முகம் போன போக்கைக் கண்டு தம்பி கைப்பேசியைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். விரலை அழுத்தி வைத்தார். பெட்டி எழும்பிற்று.

‘நீக்கிவிடட்டுமா அண்ணே?’ என்று கேட்டார்.

‘இரு. நான் எழுதினதை நான் முதலில் படிக்கிறேன்’ என்று சொல்லி, அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்தார். தம்பி மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். ஆரம்பத்திலிருந்து படித்தாராம். படித்து முடிக்கையில் காப்பி ஆறிப்போயிருந்தது. அதைத்தான் குடித்தேன் சுவாமி என்றார்.