உண்ட வீடும் உண்மையும்

திருக்குறளின் இல்லறவியலில் விருந்தோம்பல் 9ஆம் அதிகாரம். செய்ந்நன்றி அறிதல் 11ஆம் அதிகாரம். இவ்விரண்டுக்கும் நடுவே இனியவை கூறல் அமைந்திருக்கிறது. சோறிட்டவனுக்கு ஓர் அறம். உண்டவனுக்கு ஓர் அறம். இருவரையும் இணைப்பதற்கு இன்சொல். வாய்மை என்னும் அதிகாரமோ வெகுதொலைவு தள்ளி, 30ஆவதாக, துறவறவியலில் இடம்பெறுகிறது. இவ்வரிசையைப் பார்க்கும்போது நம் உள்ளத்தில் ஒரு வினா எழுகிறது. உண்ட வீட்டில் குறை இருந்தால் உண்டவன் அதை வாய்விட்டுச் சொல்லலாமா? நன்றியறிதல் நாவைக் கட்டிப்போடுமா?

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்புக்காக வடபுலம் வந்த நம் போன்ற குடும்பங்களுக்கு இஃது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. பிறர் வீட்டுத் திண்ணையில் படுத்தவர்கள் நாம். பின்னர் பிறர்க்குத் திண்ணை தந்தவர்களும் நாமே. இன்று நம் மக்கள் கல்வியின் பொருட்டுக் கடல் கடந்து, முன்பின் அறியாதார் இல்லங்களில் தங்குகின்றனர். அவர்கள் திரும்பி வரும்போது பட்டத்தோடு இவ்வினாவையும் சுமந்து வருகின்றனர்.

நாம் நன்கறிந்த ஒரு தில்லித் தமிழ்க் குடும்பத்துப் பெண், ஓராண்டுப் படிப்புக்காக ஜெர்மனியின் வடபகுதியிலுள்ள ஒரு சிறு நகருக்குச் சென்றாள். மாதந்தோறும் ஒரு தொகை செலுத்தி, முதிய கணவனும் மனைவியும் மட்டும் வாழும் இல்லத்தில் தங்கினாள். இரவில் அடுப்பு மூட்டாமல், கறுத்த ரொட்டி, பாலாடைக்கட்டி, குளிர்ந்த இறைச்சித் துண்டுகள் ஆகியவற்றை மேசையில் பரப்பி மாலையிலேயே உண்டு முடிப்பது அந்நாட்டுக் குடும்பங்களின் பழைய வழக்கம். புலால் உண்ணாத இப்பெண்ணுக்கு எஞ்சியவை ரொட்டியும் பாலாடைக்கட்டியுமே. இரண்டு துண்டுக்குமேல் எடுக்க அவளுக்குக் கூச்சம். இரவு பத்து மணிக்குப் பசி எழும். அடுக்களைக்குச் செல்லத் துணிவு வராது. பனிக்காலத்திலும் காலையில் சன்னல்களை அகலத் திறந்து வைப்பார்கள்; ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு ஓசையின்றி இருக்கவேண்டும் என்பார்கள். அவள் அறைக்குள்ளேயே ஒடுங்கிக் கிடந்தாள்.

அதே வீட்டில்தான், முதல் பனி விழுந்த நாளில் அம்மூதாட்டி தம் கழுத்திலிருந்த கம்பளித் துண்டை எடுத்து அவளுக்குச் சுற்றி அனுப்பினார். காய்ச்சல் கண்டபோது, அந்நாட்டுக் கைவைத்தியப்படி அவள் கெண்டைக்கால்களில் ஈரத்துணி சுற்றி நள்ளிரவு வரை அருகில் அமர்ந்திருந்தார்.

ஆண்டிறுதியில், தங்குமிடம் ஏற்பாடு செய்தோர் அவ்வீட்டைப் பற்றிய கருத்தை எழுதித் தருமாறு கேட்டனர். என்ன எழுதுவது? தாய் சொன்னாள்: “உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். குறை எதையும் எழுதாதே.” தந்தை சொன்னார்: “நாம் பணம் கொடுத்தோம், கணக்குத் தீர்ந்தது. உள்ளதை எழுது.”

இருவர் கூற்றும் முழு நீதி ஆகா என்பதே நம் துணிபு. பணம் அறைக்கும் ரொட்டிக்கும் விலையாயிற்று. கம்பளித் துண்டுக்கும் நள்ளிரவு விழிப்புக்கும் எவரும் விலை பேசவில்லை. ஆகவே கணக்குத் தீர்ந்தது என்னும் தந்தையின் சொல் பிழை. அம்மூதாட்டி தம் அன்பை மௌனத்துக்குக் கூலியாகத் தந்தவரும் அல்லர். ஆகவே தாயின் சொல்லும் அந்த அன்பைக் குறைத்து மதிப்பதே ஆகும்.

இவ்விடத்தில், இதே நிலையில் இருந்த மற்றொரு மாணவரை நினைவுகூர்வது பொருந்தும். 1888 செப்டம்பர் 4ஆம் நாள் பம்பாயில் கப்பலேறிச் சட்டம் படிக்க இலண்டன் சென்ற மோகன்தாஸ் காந்திதான் அவர். ஆங்கிலேயர் வாழ்க்கையை அறிய வேண்டுமாயின் ஒரு குடும்பத்தோடு தங்க வேண்டும் என்று மருத்துவர் மேத்தா அறிவுரை கூறினார். பின்னர் வெஸ்ட் கென்சிங்டனில் கைம்பெண் ஒருவரின் வீட்டில் காந்தியார் வாரக் கட்டணம் செலுத்தித் தங்கினார். புலால் உண்பதில்லை என்று தாய்க்கு வாக்களித்திருந்தமையால் அரைவயிற்றோடு வாழ்ந்தார். உணவு பிடித்திருக்கிறதா என்று அவ்வம்மையார் நாள்தோறும் கேட்டார். அவருடைய புதல்வியர் இருவரும் ஒன்றிரண்டு ரொட்டித் துண்டுகளை வற்புறுத்திப் பரிமாறினர். முழு ரொட்டி ஒன்று இருந்தால்தான் தம் பசி அடங்கும் என்பதைச் சொல்ல அவருக்கு நாணம். ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவுச்சாலையைக் கண்ட நாளிலேதான், அந்நாட்டில் கால்வைத்தபின் முதன்முறையாக அவர் வயிறார உண்டார்.

அவ்வம்மையார் நாள்தோறும் கேட்டார் என்பதை நாம் கருதிப் பார்க்க வேண்டும். கேட்டவர்க்கு உண்மை கிடைக்கவில்லை. அவர் விருந்தோம்பலில் குறை இருந்தது என்றால், அதில் ஒரு பங்கு விருந்தினரின் மௌனத்தால் விளைந்ததன்றோ?

காந்தியார் வாழ்வில் இதற்கு மறுதலையான நிகழ்ச்சியும் உண்டு. பிரைட்டனில் அறிமுகமான ஒரு மூதாட்டி ஞாயிறுதோறும் அவரைத் தம் இல்லத்துக்கு உணவுக்கு அழைத்தார். அவர் மணமாகாதவர் என்று எண்ணி, ஓர் இளம்பெண்ணோடு பழகும் வாய்ப்பையும் உண்டாக்கினார். தாம் மணமானவர், ஒரு மகனுக்குத் தந்தை என்பதை மறைத்திருந்த காந்தியார், உள்ளம் உறுத்த, அனைத்தையும் கடிதத்தில் எழுதி மன்னிப்பு வேண்டினார். மூதாட்டி சினக்கவில்லை, நகைத்து மன்னித்து, வரும் ஞாயிறு தவறாது வருமாறு விடையெழுதினார். உண்மை அந்த உறவை முறிக்கவில்லை. மௌனத்தால்தான் அவ்வுறவு முறிந்திருக்கக் கூடும்.

எனினும் உண்மையைச் சொல்வதற்கும் முறை உண்டு. இருக்கும்போது புன்னகைத்து, வீடு வந்தபின் ஊரெல்லாம் பழித்தல் வாய்மை அன்று, அது புறங்கூறல். பிறர்க்குத் தீமை தராத சொல்லையே வாய்மை எனக் கொண்டவர் வள்ளுவர். உரியவரிடம், உரிய காலத்தில், இனிய மொழியில் சொல்லப்படும் குறை தீமை தருவதில்லை. அது திருத்திக்கொள்ளும் வாய்ப்பை அவர்க்குத் தருகிறது.

அப்பெண் இதனைத் தானே உணர்ந்தாள். எழுதியதை அனுப்புவதற்கு முன் அம்மூதாட்டியிடம் படித்துக் காட்டினாள். “இவர்கள் என்னை மகள்போல் பார்த்துக்கொண்டார்கள். இரவுகளில் எனக்குப் பசித்தது, நான் சொல்லவில்லை” என்பதே அதன் சாரம். மூதாட்டி நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “நீ அறையிலேயே இருந்ததால் எங்களைப் பிடிக்கவில்லை என்றல்லவா நாங்கள் இருவரும் வருந்தினோம்!” என்றார். எஞ்சியிருந்த மூன்று வாரங்களும் மாலையில் அடுப்பு அவளுக்கு விடப்பட்டது. பெருங்காய மணம் மட்டும் முதியவருக்குக் கடைசி வரை ஒவ்வவில்லை; தாளிக்கும்போதெல்லாம் அவர் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டார். எல்லாம் இனிதே முடிந்தது என்று சொல்வதற்கில்லை. ஆனால் மூன்று வாரங்கள் அவ்வீட்டில் ஒளிவுமறைவு இல்லை.

இக்கதையைக் கேட்டபோது அயல்நாட்டாரைக் குறித்து ஏதேனும் சொல்ல நமக்கு நா எழவில்லை. காரணம் உண்டு. 1983ஆம் ஆண்டு, ஊரிலிருந்து உறவினர் மகன் ஒருவன் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் வந்திறங்கி, வேலை கிடைக்கும்வரை எம் இல்லத்தில் ஓராண்டு தங்கினான். அரிசியை அளந்து சமைத்த காலம் அது. “போதுமா?” என்று நாள்தோறும் கேட்டோம், “போதும்” என்றான். அண்மையில் தன் மகளின் திருமணத்தில் அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: “மாமா, அந்த நாளில் தெருமுனைக் கடையில் இரண்டு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். அத்தையிடம் இன்னும் கொஞ்சம் சோறு கேட்க வெட்கமாக இருக்கும்.” அனைவரும் சிரித்தனர், நாமும் சிரித்தோம். அன்றிரவு எம் துணைவியார், “போதுமா என்றுதான் கேட்டேன், இன்னும் கொஞ்சம் என்று எடுத்து வைக்கவில்லையே” என்றார். அதற்கு மறுமொழி சொல்ல நம்மிடம் ஒன்றும் இல்லை.

உண்மையைச் சொல்வது விருந்தினர் கடன் என்றால், அதைச் சொல்ல இடந்தருவது விருந்தளிப்போர் கடன். ‘போதுமா’ என்னும் கேள்விக்கு ‘போதும்’ என்பதைத் தவிர வேறு விடை சொல்ல, பிறர் வீட்டில் உண்ணும் பிள்ளைக்கு நா எழுவதில்லை. இதனை நாற்பது ஆண்டுகள் கழித்து நாம் கற்றோம்.

இவ்வாண்டும் நம் பிள்ளைகள் சிலர் பெட்டியில் ஊறுகாயும் பருப்புப் பொடியும் வைத்துக்கொண்டு புறப்படுவர். அவர்களிடம், “செல்லும் வீட்டில் நன்றியோடு இரு, பசித்தால் பசிக்கிறது என்று சொல்” என்று கூறி அனுப்புவோம். நம் வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கோ, அவர்கள் கேட்கும்வரை காத்திராமல், இன்னும் ஒரு கரண்டி சோறு வைப்போம்.