வெள்ளிக்கிழமைச் சமோசா

நோன்பு இருப்பது ஊருக்குத் தெரியக் கூடாது, முகம் கழுவித் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு எப்போதும்போல் இருக்க வேண்டும் என்கிறார் மத்தேயு நற்செய்தியில் இயேசு. சாம்பல் புதன் பூசையில் வாசிப்பதும் இந்தப் பகுதிதான். வாசித்த கையோடு நெற்றியில் சாம்பலைப் பூசி அனுப்பிவிடுகிறார்கள். அந்த நெற்றியோடு லோக்கல் ரயிலில் ஏறினால் ரகசியம் எங்கே மிஞ்சும்?

மும்பைத் தாராவியில் எங்கள் சந்தில் சாம்பல்கூட வேண்டாம். ஒற்றை அறை, சந்துப் பக்கம் பார்த்த கதவு, கதவோரம் கேஸ் அடுப்பு. ஒரு காலை குக்கர் விசில் கேட்காவிட்டால் எதிர்வீட்டு அக்கா, "என்னட்டி, மேலுக்குச் சொகமில்லையா?" என்று எட்டிப் பார்த்துவிடுவார். "இல்லக்கா, இன்னைக்கு ஒருசந்தி" என்று சொல்லித்தான் தீர வேண்டும்.

சட்டப்படி கத்தோலிக்கருக்கு இன்று பெரிய பாரமில்லை. 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் விதிகளைத் தளர்த்தியபின், கட்டாய ஒருசந்தி (ஒருவேளை மட்டும் வயிறார உண்பது) ஆண்டுக்கு இரண்டே நாள்: சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும். மற்றத் தவக்கால வெள்ளிகளில் 14 வயது நிறைந்தவர்களுக்குச் சுத்தபோசனம். கறி ஆகாது, மீன் ஆகும். சீலா மீனைப் பொரித்துத் தின்றுவிட்டு விரதம் என்று சொல்லிக்கொள்ளும் சாமர்த்தியம் எங்கள் தூத்துக்குடிக்காரர்களுக்கு உண்டு. ஆனால் வெள்ளிதோறும் தாங்களாகவே ஒருசந்தி பிடிக்கும் பெண்களும் உண்டு. நானும் பிடிக்கிறேன்.

2025-இல் ரம்ஜான் நோன்பு மார்ச் 2 அன்று தொடங்கியது. மார்ச் 5 சாம்பல் புதன். ஒரே சந்தில் இரண்டு நோன்பு. மாலை பாங்குக்குச் சற்று முன்பு தட்டுகள் வீடு வீடாகப் போகும். ஒரு பையன் மூடிய தட்டை நீட்டி, "அம்மீ நே பேஜா ஹை" (அம்மா கொடுத்தனுப்பினார்) என்று சொல்லிவிட்டு ஓடினான். பேரீச்சம்பழம், தர்ப்பூசணித் துண்டு, சுடச்சுடக் கொத்துக்கறி வைத்த கீமா சமோசா. கிழமையோ வெள்ளி. 14 நிறையாத பிள்ளையிடம் தள்ளிவிட்டால் சட்டம் பிழைத்துவிடும்.

ஐந்தாம் நூற்றாண்டில் ஜான் காசியன் எகிப்துத் துறவிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். விருந்தாளி வந்தால், புதனும் வெள்ளியும் தவிர மற்ற நாட்களில், அவர்கள் நோன்பை விட்டுவிட்டு உடன் உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். நோன்பு எங்கேயும் போகாது, வந்தவர் போய்விடுவார் என்பது அவர்கள் கணக்கு. எனக்கோ வெள்ளியிலும் அதுவே சரி; வந்த தட்டும் விருந்தாளிதானே. சமோசாவைத் தின்றேன். (பங்குச் சாமியார் இதைப் படிக்காமல் இருக்கட்டும்.)

இயேசு மறைக்கச் சொன்னது, பெருமை தலைக்கேறிவிடும் என்றுதான். இந்தச் சந்தில் அந்தப் பயமில்லை. விடியலிலிருந்து பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மாதம் முழுக்க இருப்பவர் எதிரே, ஒருவேளைச் சோற்றை விட்டதைப் பெருமையாகச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. பசித்தவரோடு உணவைப் பகிர்வதே நோன்பு என்கிறது எசாயா 58-ஆம் அதிகாரம். நான் உண்ணாமல் மிச்சம் பிடித்தது எங்கேயாவது போயாக வேண்டும். அடுத்த வெள்ளி அந்தத் தட்டில் உளுந்தவடை போனது. சுடும்போது நான் ஒருசந்தி, உப்புப் பார்க்க முடியாது. சமோசா போட்ட அம்மாவும் பார்த்திருக்க மாட்டார். கூடிற்றா குறைந்ததா என்பது பாங்கு சொன்னபிறகுதான் தெரியும்.