தலைவரை அளக்கும் கோல்

நாட்டுத் தலைவர் ஒருவரை எதனைக் கொண்டு மதிப்பிடுதல் வேண்டும்? செய்தித்தாள்கள் தீட்டும் உருவத்தைக் கொண்டா, மேடையில் அவர் பொழியும் சொற்களைக் கொண்டா, அன்றி ஆட்சியால் விளைந்த பயனைக் கொண்டா? முன்னைய இரண்டும் மயக்குவன, மூன்றாவதே மெய் என்பது பொதுவான விடை. அது சரியானதே, ஆயினும் முழுமையானதன்று. பயனும், 'எவர் அளந்தது, எங்கே அளந்தது' என்னும் வினாவுக்கு உட்பட்டதாகும். இலங்கையின் அரிசி அரசியல் இதற்குத் தக்க சான்று.

1970 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் லேக் ஹவுஸ் நிறுவனத்தின் பத்திரிகைகள் டட்லி சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சிக்கே துணைநின்றன. அக்கட்சிக்குக் கிடைத்தவை 17 இடங்கள். வெற்றிபெற்ற சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு 1973 இல் அந்நிறுவனத்தைச் சட்டத்தின் மூலம் தன்வசப்படுத்தியது. 1977 தேர்தலில் அதே பத்திரிகைகள் அவர் கையில் இருந்தும் அவரது கட்சி 8 இடங்களுடன் வீழ்ந்தது. வரிசையில் நின்று பாண் வாங்கியவரிடம், தட்டுப்பாடு இல்லையென எந்தத் தலையங்கமும் நிறுவ இயலாது.

ஏட்டினும் வலியது வாக்குறுதி. 1966 இன் இறுதியில் டட்லி அரசு வாராந்தப் பங்கீட்டு அரிசியை இரண்டு கொத்திலிருந்து ஒரு கொத்தாகக் குறைத்து, அதனை இலவசமாக வழங்கியது. உணவு உற்பத்தி இயக்கத்தால் நெல் விளைச்சலும் உயர்ந்தது. எதிரணியோ குறைத்த கொத்தை மீட்டுத் தருவதாக வாக்களித்து வென்றது. பயன் சொல்லிடம் தோற்றது எனலாமா? முற்றிலும் அவ்வாறன்று. அரசு வயலில் விளைந்ததை எண்ணியது. வீட்டார் அடுப்படிக்கு வந்ததை எண்ணினர். இரண்டும் பயனே, அளந்த இடமே வேறு.

கிழக்கிலே இவ்வேறுபாடு இன்னும் கூர்மையானது. 1949 இல் டி. எஸ். சேனநாயக்காவின் அரசு தொடங்கிய கல்லோயாத் திட்டம் நாட்டின் கணக்கேட்டில் பெருஞ்சாதனை: நீர்த்தேக்கம், மின்சாரம், புதிய வயல்கள். ஆயின் அங்குக் குடியேற்றப்பட்டோரிற் பெரும்பாலானோர் வெளியிடங்களிலிருந்து வந்த சிங்களக் குடும்பத்தினர். 1956 இல் அக்குடியேற்றப் பகுதியிலே தமிழர் தாக்கப்பட்டனர். 1961 இல் மட்டக்களப்பின் தென்பகுதி அம்பாறை மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. அணையின் நன்மையை மறுப்பது நேர்மையன்று. அணையை மட்டும் எண்ணிக் கணக்கை மூடுவதும் நேர்மையன்று.

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத்தில் எழுவான்கரை மீனவரும் படுவான்கரை உழவரும் ஒன்றுகூடுவர். ஆட்சியின் பயனைக் கேட்டறிய அக்குளக்கரையினும் ஏற்ற இடம் அரிது. ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, பத்தாண்டுகளிற் படிப்படியாக எனத் தேர்தல் விஞ்ஞாபனத்திற் கூறிய இயற்கை வேளாண்மையை, 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதித் தடையாக ஒரேயடியாகப் புகுத்தினார். உலக அரங்குகளில் அது இயற்கையைக் காக்கும் துணிவாக எடுத்துரைக்கப்பட்டது. அடுத்துவந்த பெரும்போகத்தில் நாடெங்கும் விளைச்சல் சரிந்தது. 2022 ஜூலையில் அவர் பதவி துறந்தார். அந்த உரையின் உண்மையை உரைத்துப்பார்க்கும் கல் அரங்கிலன்று, வயல் வரப்பிலே கிடந்தது.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். நல்ல விளைச்சல் மழையின் கொடையாகவோ முன்னவர் வெட்டிய வாய்க்காலின் பயனாகவோ இருத்தல் கூடும். இன்றைய தீங்கும் நேற்றைய ஆட்சியில் வேர்கொண்டிருக்கலாம். ஆதலால் விளைவைக் கண்டதும் தீர்ப்புரைத்தல் தகாது. அது எவரால் விளைந்தது, எவரைச் சென்றடைந்தது, அதற்கான விலையை எவர் கொடுத்தார் என மூன்றையும் ஆராய்தல் வேண்டும்.

வள்ளுவர் 'தெரிந்துதெளிதல்' என ஓர் அதிகாரம் வகுத்தது, அரசன் தன் பணிக்குரியோரை ஆராய்ந்து தேர்வதற்காக. மக்களாட்சியில் தேர்வோர் குடிமக்களே. எனவே அவ்வாராய்ச்சியும் அவர்கள் கடனாகிறது. தலைப்புச் செய்தியையும் கைதட்டலையும் கடந்து, பங்கு இறுதியாக வந்துசேரும் வீட்டின் வாசலிற் சென்று கேட்பவரே அக்கடனைச் செலுத்தியவராவர்.