வியாழக்கிழமை அனுமதி

பெங்களூர் விவேக் நகரில் வியாழக்கிழமைகளில் குழந்தை இயேசு ஆலயத்துக்குக் கூட்டம் அலைமோதும். தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பூசை நடக்கிறது. கிறிஸ்தவர்களோடு இந்துக்களும் வந்து மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போகிறார்கள். பக்கத்துக் கோரமங்கலா அலுவலகத்தில், வியாழன் மாலை சற்று முன்னதாகக் கிளம்ப ஒருவர் அனுமதி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பெயரைப் பார்த்துக் காரணத்தை ஊகிக்கும் மேலாளர் ஏமாந்துபோவார். பண்பாட்டைப் புரிந்துகொள்கிறோம் என்று அலுவலகங்களில் நாம் செய்வதில் பெரும்பகுதி இந்த ஊகம்தான்.

ஊகத்துக்கு ஆய்வின் துணையும் உண்டு. நெதர்லாந்தின் கீர்ட் ஹாஃப்ஸ்டெட், பல நாட்டு ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கணக்கெடுப்பை வைத்து 1980-இல் ஒரு நூல் எழுதினார். அதிகார ஏற்றத்தாழ்வை மக்கள் எந்த அளவுக்கு ஏற்கிறார்கள் என்பதற்கு அவர் தந்த மதிப்பெண், இந்தியாவுக்கு 77, ஜெர்மனிக்கு 35. 'இந்தியர் மேலதிகாரியிடம் முடியாது என்று சொல்லமாட்டார்' என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வதற்கு இந்த எண் வசதியாகிவிட்டது. ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி பெங்களூரில் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பாதிக்கும் குறைவு. மற்றவர்களில் தமிழர், தெலுங்கர், உருது பேசுவோர் எனப் பலர். இவர்களில் யாருடைய 77 இது? ஒப்பந்தக் காவலாளி வாய் திறக்காததற்குக் காரணம் பண்பாடா, அடுத்த மாதம் வேலை இருக்குமா என்ற பயமா? (பயம் என்றுதான் எனக்குப் படுகிறது.)

ஊகிப்பதை விட்டு அவரவரையே கேட்டுவிடலாம். ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் இடத்தில் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா, சராசரியாவது தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயம்தான். ஜெர்மன் வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே மறுத்தால் அது கோபமல்ல என்று முன்பே தெரிந்திருப்பது வீண் மனத்தாங்கலைத் தவிர்க்கும். ஆனால் நாட்டுக்கான எண்ணைத் தனி மனிதர்மேல் ஏற்றக் கூடாது என்று எச்சரித்தவரும் அதே ஹாஃப்ஸ்டெட்தான். கேட்கத் தொடங்கினால் ஆளுக்கொரு சலுகை கேட்பார்களே என்பது இன்னொரு கவலை. கேட்க வேண்டியது சலுகையைப் பற்றி அல்ல, வேலையைப் பற்றி. கூட்டத்தில் மூவர் இந்திக்குத் தாவியதும் கோலாரிலிருந்து வந்த நான்காமவர் மௌனமாகிறார்; ஆண்டு மதிப்பீட்டில் அவருக்குக் 'கூச்ச சுபாவம்' என்று எழுதுகிறார்கள். அவருக்குப் புரியும் மொழியில் பேசியிருந்தால் அன்றைக்கே அவர் யோசனையும் கிடைத்திருக்கும். இரண்டு தமிழர் சேர்ந்தால் தமிழுக்குத் தாவுகிறோமே, அப்போது பக்கத்தில் மௌனமாவது கன்னடக்காரர்.