கொறங்காட்டில் எத்தனை உருப்படி?

2020 அக்டோபரில் டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் ஆண்டுதோறும் நடத்தும் ‘ஹேக்டோபர்ஃபெஸ்ட்’ வந்தது. கட்டற்ற மென்பொருள்களுக்கு நான்கு திருத்தங்கள் அனுப்பினால் ஒரு டி-ஷர்ட். விளக்கக் கோப்பில் ஒரு சொல்லைச் செருகுவது, ஒரு புள்ளியை மாற்றுவது என்று உதவாத திருத்தங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. அனுப்பியவர்களில் இந்திய மாணவர்கள் ஏராளம். விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டும் என்று நிறுவனம் விதியையே இடையில் மாற்றியது. 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் மென்பொருளுக்கும் இதே கதி. யூடியூப் பாடம் ஒன்றைப் பார்த்தவர்கள் அதன் விளக்கக் கோப்பில் தங்கள் பெயரையே சேர்த்து அனுப்பினார்கள். தன்னார்வலரை அழைப்பது நல்ல காரியம். வேலை கற்றுத்தராமல் அழைப்பது அறமாகாது.

காங்கேயத்துக் கொறங்காட்டை அறிந்தவர்க்கு இது விளங்கும். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் நிற்கும் மேய்ச்சல் நிலம் அது. மழையையும் புல்லையும் பார்த்து, இத்தனை உருப்படி என்று அளவாகத்தான் விடுவார்கள். ஒரு காட்டை மேய்க்கும்போது மற்றொரு காடு தழையும். மென்பொருள் நிரலோ புல்லைப் போலன்றி, எத்தனை பேர் நகலெடுத்தாலும் குறையாது. குறைவது அதைப் பராமரிப்பவரின் நேரம். ஒவ்வொரு திருத்தத்தையும் அவர் படித்தாக வேண்டும். வயலுக்குள் தானே புகுந்த யானையின் வாயில் போவதைவிடக் காலில் அழிவதே மிகுதி என்று பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரி குறித்துப் பிசிராந்தையார் சொன்னது (புறநானூறு 184) வரிக்கு மட்டுமா பொருந்தும்? ஒப்புரவுக்கு ஊருணியைக் காட்டிய வள்ளுவரே தெரிந்துசெயல்வகைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். பெறுபவர் முதுகை ஒடிக்கும் கொடை கொடையன்று. ஓய்ந்த முதுகு ஊருக்கே ஆபத்து என்பதைக் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருள் காட்டியது. ஊதியமின்றி அதைத் தாங்கியவர் சோர்ந்திருந்த வேளையில், உதவ வந்தவராகப் பழகிப் பொறுப்பைப் பெற்ற ஒருவர், வந்து இரண்டாண்டுக்கு மேல் ஆனபின் உள்ளே புறவாசல் வைத்தார். அரை நொடித் தாமதத்தை ஐயுற்ற மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் 2024 மார்ச்சில் அதைக் கண்டுபிடித்தார்.

முதல் அடி சிறிதாகத்தானே இருக்கும், கிராமத்துப் பிள்ளைக்கு வாசலை அடைக்கலாமா என்பார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் சிறிய வேலை வேறு, போலி வேலை வேறு. கேடிஈ, க்னோம், ஃபயர்பாக்ஸ் ஆகிய கட்டற்ற மென்பொருள்கள் தமிழில் பேசுவது தன்னார்வலர்கள் சொல் சொல்லாக மொழிபெயர்த்ததால்தான். அந்த வாசல் இன்றும் திறந்தே இருக்கிறது. எண்ணிக்கைக்குச் சான்றிதழ் தரும் வழக்கத்தைக் கொங்குநாட்டுக் கல்லூரிகள் அண்டவிடாதிருக்கட்டும். ஓராண்டில் ஒரே பிழையைத் திருத்தி, பராமரிப்பவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி முடித்த மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.