யாரும் காணாத ஓர் அடி

அறம் என்பது பிறர் காணும்போது ஒழுகுவதா, காணாதபோதும் ஒழுகுவதா என்னும் வினா மிகப் பழைமையானது. வகுப்பறையில் இவ்வினாவை எழுப்பினால், மாணவர் அனைவரும் ஒரே குரலில் 'காணாதபோதும்' என்றே விடை பகர்வர். விடை எளிது, அதன்படி நிற்பது எளிதன்று. நிற்பதனால் நமக்கு மட்டுமன்றி நம் நண்பர்க்கும் இழப்பு நேருமாயின், அது இன்னும் அரிதாகிறது. இந்த அருமையை மாணவர்க்கு உணர்த்தத்தக்க உரைகல் ஒன்று விளையாட்டு உலகில் உண்டு. கோல்ஃப் என்னும் குழிப்பந்தாட்டமே அது.

கோலா தெர்லாவிலிருந்து திரிங்காப், பிரிஞ்சாங் வழியாகத் தானா ராத்தாவிற்குச் செல்வோர், பிரிஞ்சாங்கைக் கடந்ததும் சாலையோரம் விரிந்து கிடக்கும் பசும்புல் வெளியைக் கண்டிருப்பர். பதினெட்டுக் குழிகள் கொண்ட ஆட்டக்களம் அது. 1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப் பகுதியை ஆராய்ந்தார். 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்றது. வெப்பத்திற்கு ஒதுங்க வந்த ஆங்கிலேயர், தம் நாட்டு ஆட்டத்தையும் உடன் கொண்டு வந்தனர். ஒரே மலையில் ஒரு சரிவில் கொழுந்து கிள்ளும் கை. மறு சரிவில் கோல்ஃப் மட்டை பிடிக்கும் கை. நெடுங்காலம் இவ்விரண்டும் வெவ்வேறு உலகங்களாகவே இருந்தன. இன்றோ பள்ளி மாணவரும் இவ்வாட்டத்தில் குழுவாகப் போட்டியிடும் காலம் வந்துவிட்டது. ஆகவே, இதன் அறத்தை ஆராய்வது நமக்குப் புறம்பான செயலன்று.

பிற ஆட்டங்கட்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒன்று ஈண்டு நோக்கத்தக்கது. காற்பந்தில் நடுவர் ஊதுகுழலுடன் உடன் ஓடுகிறார். பூப்பந்தில் கோட்டருகே ஆள் அமர்ந்திருக்கிறார். கோல்ஃபிலோ, பரந்த வெளியில் ஆடுபவர் பலர். அவர்களைத் தொடர்ந்து செல்லும் நடுவர் பெரும்பாலும் இல்லை. உடன் ஆடுபவர் ஒருவர் கணக்கை எழுதுவார். ஆடியவர் அதனைச் சரிபார்த்துக் கையொப்பமிடுவார். பந்து புதருக்குள் சென்றுவிட்டால், அங்கே நிகழ்வதைக் காண்பவர் ஆடுபவர் ஒருவரே. தவறு நேர்ந்தால் தண்ட அடியைத் தம் கணக்கில் ஏற்றிக்கொள்ள வேண்டியவரும் அவரே. குற்றம் செய்தவர், சான்று கூறுபவர், தீர்ப்பளிப்பவர் ஆகிய மூவரும் அங்கே ஒருவரே ஆகின்றனர்.

1925ஆம் ஆண்டு அமெரிக்கத் திறந்தநிலைப் போட்டியில் பாபி ஜோன்ஸ் ஆடினார். அவருக்கு அப்போது வயது 23. அடிக்க ஆயத்தமானபோது புல்லில் கிடந்த பந்து சிறிது அசைந்தது. பிறர் எவரும் அதனைக் காணவில்லை. அலுவலர்கள் அவர் விருப்பத்திற்கே விட்டுவிட்டனர். அவரோ தமக்குத் தாமே ஓர் அடியைத் தண்டமாக ஏற்றுக்கொண்டார். போட்டியின் முடிவில் அவரும் வில்லி மக்ஃபார்லேனும் சமநிலையில் நின்றனர். பின்னர் நடந்த மறு ஆட்டத்தில் ஜோன்ஸ் தோற்றார். அந்த ஓர் அடியை அவர் சொல்லாதிருந்தால் வெற்றி அவருடையதே. இதனைப் பலர் புகழ்ந்தபோது அவர் அப்புகழை விரும்பவில்லை. திருடாதிருப்பதற்காக ஒருவனைப் பாராட்டலாமா என்பதே அவர் கருத்தாக இருந்தது.

1968ஆம் ஆண்டு மாஸ்டர்ஸ் போட்டியில் நிகழ்ந்தது வேறு வகை. அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ பதினேழாம் குழியை மூன்று அடிகளில் முடித்தார். உடன் ஆடியவர் கைப்பிழையாக நான்கு என்று எழுதிவிட்டார். டி விசென்சோ அதனைக் கவனியாது கையொப்பமிட்டார். உண்மையைவிடக் கூடுதலாக எழுதிய கணக்கு அப்படியே நிற்கும் என்பது விதி. ஆகவே சமநிலையில் நிற்க வேண்டியவர், ஓர் அடியால் பாப் கோல்பியிடம் வெற்றியை இழந்தார். அவர் பிறர்மீது பழி சுமத்தவில்லை. தம் அறியாமையையே நொந்துகொண்டார். கையொப்பம் என்பது வெறும் மையன்று, பொறுப்பு என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

இவ்விரண்டும் தனி ஒருவரின் இழப்புகள். தன் பொருளை இழக்கத் துணிபவனைத் தடுப்பார் இல்லை. பள்ளிக் குழுவாக ஆடும்போதுதான் வினா கடினமாகிறது. நால்வர் ஆடி, அவர்களுள் சிறந்த மூவரின் கணக்கைக் கூட்டுவது குழுப்போட்டிகளில் பரவலான முறை. ஒரு மாணவனை எண்ணிப் பாருங்கள். கடைசிக் குழிக்கு முன்னர் அவன் பந்து மர நிழலில் கிடக்கிறது. அருகில் செல்லும்போது அவன் கால் பட்டு அது நகர்ந்துவிடுகிறது. யாரும் பார்க்கவில்லை. விதிப்படி ஓர் அடி தண்டம். அவன் சொன்னால், அந்த ஓர் அடியால் அவன் பள்ளி கிண்ணத்தை இழக்கும். மற்ற மூவரும் வைகறைக் குளிரில் எழுந்து பயிற்சி செய்தவர்கள். அவர்களுடைய உழைப்பைத் தன் மனச்சான்றுக்காகப் பலியிட அவனுக்கு உரிமை உண்டா?

இவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. நட்பும் ஓர் அறமே. குழுவின்மீது கொண்ட பற்று இழிந்த உணர்ச்சியன்று. தன் பசியைப் பொறுப்பவன் சான்றோன் எனலாம். பிறரைப் பசிக்க விடுபவனை எங்ஙனம் சான்றோன் என்பது? வாய்மூடி நிற்கும் மாணவன் தன்னலத்தால் நிற்கவில்லை, நண்பர் நலம் கருதியே நிற்கிறான் என்று ஒருவர் வாதிடக்கூடும்.

ஆயினும் இவ்வாதத்தின் அடிப்படையில் ஒரு பிழை உள்ளது. அவன் விட்டுக்கொடுப்பது நண்பர்களின் உடைமை என்று அது கொள்கிறது. அந்தக் கிண்ணம் எப்போது அவர்களுடையதாயிற்று? தண்ட அடி நேர்ந்த கணமே அவர்களுடைய உண்மையான கணக்கு ஒன்று கூடிவிட்டது. அவன் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அது கூடியதே. அவன் வாய் திறப்பது கொடையன்று, கடன் தீர்ப்பது. இல்லாத பொருளை நண்பர்க்கு வழங்குவதாக எண்ணிக்கொண்டு, அவன் உண்மையில் வேறொருவர் வீட்டுப் பொருளையே எடுத்து வழங்குகிறான். எதிரணியிலும் நால்வர் உளர். அவர்களும் குளிரில் எழுந்த பிள்ளைகளே. நமக்கு அவர்கள் முகம் தெரியாது என்பது அவர்கள் உரிமையைக் குறைக்காது.

மேலும், மறைத்தவன் தன் நண்பர்களை அவர்கள் அறியாமலே ஒரு பொய்க்குப் பங்காளிகள் ஆக்குகிறான். அவர்கள் மேடையேறி வாங்கும் கிண்ணம் எத்தகையது என்பதை அவன் ஒருவனே அறிவான். நண்பர்க்கு நன்மை செய்ததாக எண்ணுபவன், அந்நன்மை இன்னதென்று அவர்களிடமே சொல்ல இயலாத நிலையில் இருக்கிறான். சொல்ல இயலாத நன்மை நன்மையாதல் அரிது.

இனி, இவ்வாட்டத்தையே அறத்தின் இருப்பிடம் என்று போற்றிவிடுவதும் பொருந்தாது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்திய வம்சாவளியினரான பாப்வா செவ்கோலம் என்பவர், பிறர் மட்டைப் பையைச் சுமந்து பிழைத்து, பின்னர் தாமே பெரும் ஆட்டக்காரர் ஆனார். 1959இல் டச்சுத் திறந்தநிலைப் போட்டியில் வென்றார். 1963இல் நேட்டால் திறந்தநிலைப் போட்டியில் வென்றபோது, வெள்ளையர்க்கே உரிய மன்ற மாளிகைக்குள் அவர் நுழைய இயலவில்லை. வெளியே மழையில் நின்றே பரிசைப் பெற்றார். 1965இல் புகழ்பெற்ற கேரி பிளேயரையும் வென்றார். அதன்பின் நிறவெறி அரசு அவருக்குப் போட்டிகளின் கதவையே அடைத்தது. அடியை எண்ணுவதில் வழுவாத விளையாட்டு, ஆளை மதிப்பதில் வழுவியது. ஆகவே, களத்தில் பழகிய நேர்மை தானாகவே வாழ்வு முழுதும் பரவிவிடும் என்று கருதுதல் ஆகாது. அதனைப் பரவச் செய்வது கல்வியின் கடமை; அஃதாவது நம் கடமை.

இங்கே தோட்டப்புறத்தார்க்கு நன்கு விளங்கும் உவமை ஒன்றைக் கூறலாம். கொழுந்து கிள்ளிய தாய், கூடையைச் சுமந்து வந்து தராசின்முன் நிற்பாள். எடையைப் பார்ப்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர். ஈரத்திற்கென்று எவ்வளவு கழிப்பது என்பதும் அவர்கள் வாக்கே. அவளுடைய அன்றைய கூலி, பிறர் கையிலுள்ள எழுதுகோலின் நேர்மையில் தொங்கியது. எழுத்தறியாத அவள் அந்தக் கணக்கைச் சரிபார்க்க இயலாள். அந்தத் தாயின் பேரப்பிள்ளைகள் இன்று பள்ளியில் பயில்கின்றனர். நாளை அவர்கள் கைக்கு எழுதுகோல் வரும். கணக்கராய், அலுவலராய், ஆசிரியராய், மருத்துவராய் அவர்கள் எழுதும் எண்ணை நம்பி வேறு யாரோ ஒருவர் எதிரே நிற்பார். அப்போது எவரும் காணாத இடத்தில் அவர்கள் என்ன எழுதுவர் என்பதே நம் கல்வியின் உண்மையான தேர்வு.

எனவே, ஆசிரியப் பெருமக்கள் கருத வேண்டியது ஒன்றுண்டு. உண்மையைச் சொல்லித் தோற்றுத் திரும்பும் மாணவனிடம் நாம் முதலில் கூறும் சொல் எது? 'சொல்லாமல் இருந்திருக்கலாமே' என்று ஒரு வாய் கூறிவிட்டால், வாய்மை பற்றி நாம் ஆண்டு முழுதும் நடத்திய பாடம் அக்கணமே அழியும். அவனை மிகைபடப் புகழவும் வேண்டா. செய்ய வேண்டியதைச் செய்தான் என்பதே போதும். மற்ற மூவரையும் அழைத்து, அவர்கள் வருத்தம் இயல்பானது என்று ஒப்புக்கொண்டு, அவன் இழந்தது அவர்களுடையதன்று என்பதை விளக்குதல் வேண்டும். அந்நால்வரும் மீண்டும் ஒன்றாக ஆடும் நிலையை உண்டாக்குதல் நம் பொறுப்பு.

மாணவமணிகளே, கிண்ணங்கள் பள்ளி அலுவலகத்துக் கண்ணாடிப் பேழையில் இருக்கும். ஆண்டுகள் சென்றபின் அவற்றின் எழுத்தும் மங்கும். ஆடியவன் நெஞ்சில் உள்ள கணக்கோ மங்குவதில்லை. அதனைச் சரியாக எழுதப் பழகுங்கள்.