இளைப்பாற்றி யாருக்கு?



இத்தாலி தேசத்தில் அட்ரியாட்டிக் கடலோரமாக ரிமினி என்றொரு பட்டணம் உண்டு. அர்ச். அந்தோனியார் மீன்களுக்குப் பிரசங்கம் செய்தது அங்கேதான் என்பது பாரம்பரியம். ஊரார் செவிகொடாமற்போகவே, அவர் கடற்கரையில் நின்று போதித்தாரென்றும், மீன்கள் தலைநீட்டிக் கேட்டனவென்றும் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அந்த ரிமினியில் இன்று கோடைகாலம் வந்தால், சுமார் 15 கிலோமீட்டர் நீளமுள்ள மணற்கரையில் வரிசை வரிசையாகக் குடைகளை நாட்டிவிடுகிறார்கள். குடைக்கு ஒரு குடும்பமாக உட்கார்ந்திருக்கும். பிள்ளைகள் மணலில் வீடு கட்டி விளையாடும்.

1843-ம் ஆண்டில் அங்கே முதல் கடல்ஸ்நான விடுதி எழும்பியபோது, வைத்திய ஸ்நானத்துக்கென்று செல்வந்தரே அதிகமாய் வந்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டுவீச்சால் ஊரின் பெரும்பகுதி இடிந்துபோயிற்று. யுத்தத்துக்குப் பின் தொழிலாளர் குடும்பங்களும் அந்தக் கரையை நாடி வரத் தொடங்கின. 1948-ல் அமலுக்கு வந்த இத்தாலிய அரசியல் சட்டம், வேலை செய்கிறவனுக்கு வாராந்தர ஓய்வும், சம்பளத்தோடு வருஷாந்தர விடுமுறையும் உண்டென்று தன் 36-ம் பிரிவில் விதித்தது. அந்த உரிமையை அவனே வேண்டாமென்று சொன்னாலும் செல்லாது என்றும் சேர்த்து விதித்தது. இதைக் கவனியுங்கள். வறுமைப்பட்டவன் நாலு காசுக்காகத் தன் ஓய்வையும் விற்றுவிடக்கூடுமல்லவா?

அப்படி வந்த குடும்பங்களில் அநேகம் 'பென்சியோனே' என்னும் சிறு விடுதிகளில் தங்கின. அறை வாடகையும் மூன்று வேளைச் சாப்பாடும் ஒரே கணக்கு. வருஷமெல்லாம் அடுப்படியில் நின்ற தாய், அங்கே மேசையில் உட்கார்ந்து, பிறர் பரிமாறச் சாப்பிட்டாள். இது சிறிய காரியமா?

ஆனால் பரிமாறினது யார்? அந்த விடுதியும் ஒரு குடும்பத்துடையதே. அந்த வீட்டுத் தாய் சமைத்தாள். மகள் படுக்கை விரித்தாள். பாட்டி பாத்திரம் கழுவினாள். தங்கள் படுக்கையறையையும் விருந்தாளிக்கு விட்டுவிட்டு, கோடை முடியுமட்டும் நிலவறையில் படுத்த குடும்பங்களும் உண்டு.

ஆகஸ்டு 15-ம் தேதி அந்தக் கரையில் கூட்டம் நிரம்பி வழியும். இத்தாலியர் அந்நாளைப் 'பெர்ரகோஸ்தோ' என்கிறார்கள். அகுஸ்துஸ் சக்கரவர்த்தி காலத்து ஓய்வுத் திருவிழாவிலிருந்து வந்த பேர் அது. நமக்கோ அது தேவமாதாவின் மோட்சாரோபணத் திருநாள். 1950-ல் 12-ம் பத்திநாதர் பாப்பரசர் அந்த மோட்சாரோபணத்தை விசுவாச சத்தியமாகப் பிரகடனம் செய்தார். நசரேத்தூரில் வீட்டு வேலை செய்த மாதாவின் திருநாளிலேயே, விடுதிச் சமையலறையில் நிற்கும் தாய்மாருக்கு வேலை மும்மடங்கு!

சர்வேசுரன் ஓய்வுநாளை ஏற்படுத்தினபோது, அதை வீட்டெஜமானுக்கு மாத்திரம் கொடுத்துவிடவில்லை. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, வீட்டில் தங்கும் அந்நியன், மாடு, கழுதை வரைக்கும் அதில் பங்கு உண்டென்று மோயீசன் வழியாகக் கட்டளையிட்டார்.

ஆகையால் குடும்பத் தலைவர்களே, நீங்கள் எந்தக் கரைக்குப் புறப்பட்டாலும், முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பயணத்தில் ஓய்வில்லாமல் இருக்கப்போகிறவர் யார்? மூட்டை கட்டி, சோறு கட்டி, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, திரும்பிவந்து துணிகளையும் துவைக்கப்போகிறவள் தாய் ஒருத்தியானால், தகப்பனும் பிள்ளைகளும் அவள் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். விடுதிச் சிப்பந்தியானால், அவனை அதட்டாதேயுங்கள். அவனுக்குச் சேரவேண்டியதைக் குறைக்காதேயுங்கள். அவனுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு.

"எனக்கு வேண்டாம், நீங்கள் போய்வாருங்கள்" என்று தாய் சொல்வாள். அந்தப் பேச்சை அப்படியே ஏற்றுக்கொண்டு புறப்பட்டுவிடாதேயுங்கள். தொழிலாளி தன் ஓய்வை விட்டுக்கொடுக்க ஒரு தேசத்தின் சட்டமே சம்மதிக்கவில்லை. உங்கள் சிநேகம் அந்தச் சட்டத்திலும் குறைந்ததாயிருக்கலாமா?

ஓய்வுநாளில் திவ்விய பூசையையும் மறவாதேயுங்கள். வாய்திறந்து சொல்லாதவர்களின் களைப்பைக் கேட்டறியும் செவியை, ரிமினிக் கரையில் பிரசங்கித்த அர்ச். அந்தோனியார் நமக்கு மன்றாடிப் பெற்றுத் தருவாராக. ஆமென்.